பாடலியைட் என்னும் அரிய கனிமம்

ஏற்காட்டு ஏரியின் மிகைநீர் கிளியூரில் அருவியாக விழுவதை மாணவ நேயர்களுள் பலர் கண்டிருக்கக்கூடும். அந்நீர் தழுவியோடும் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி அப்பாறையே. அதன் அகவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதனின்று ஒரு துண்டை எடுத்து, ஒளி ஊடுருவுமளவு மெல்லியதாகத் தேய்த்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்தால் மிகச் சிறிய சிர்க்கான் படிகங்கள் தென்படும். சிர்க்கோனியமும் சிலிக்காவும் கூடிய கனிமம் சிர்க்கான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது மிகுதியாக உண்டு.

இன்று நான் கூற வந்தது அதன் அரிய உறவினரைப் பற்றி. சிர்க்கோனியம் சிலிக்காவின்றி ஆக்ஸிஜனோடு மட்டும் கூடி நின்றால் அது பாடலியைட். இலங்கையின் இறக்குவானையிலிருந்து ஜோசப் பாடலி என்பார் கொணர்ந்த கற்களில் இதனைக் கண்டு, 1893-இல் அவர் பெயரையே சூட்டியவர் லாசரஸ் பிளெட்சர். மஞ்சள், பழுப்பு, கறுப்பு நிறங்களில் இது கிடைக்கும். எடையில் நீரைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. இரும்பு 1538 பாகை சென்டிகிரேடில் உருகிவிடும். இதனை உருக்க ஏறத்தாழ 2700 பாகை வேண்டும்.

சிர்க்கான் பரவலாகக் கிடைக்க, பாடலியைட் மட்டும் ஏன் அரிதாயிற்று? விடை அயலாரிடம் இருக்கிறது. சார்னோக்கைட்டில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, நிறைய உண்டு. அங்கே சிர்க்கோனியம் சிலிக்காவோடு கூடிச் சிர்க்கானாகிவிடும். ஆகவே குவார்ட்ஸ் செறிந்த கிளியூர்ப் பாறையில் பாடலியைட்டைத் தேடுதல் வீண். சிலிக்கா வறிய பாறைக் குழம்பில்தான் அது பிறக்கும். ருஷ்யாவின் கோவ்தோர், தென்னாப்பிரிக்காவின் பலபோர்வா ஆகிய இடங்களில் அத்தகைய பாறைகளிலிருந்தே அது வெட்டி எடுக்கப்பட்டது.

டோலரைட் என்னும் கரிய பாறையிலும் அது நுண்ணிய இழைகளாக உறைவதுண்டு. அவ்விழைகள் உறையும்போது சிறிது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. யுரேனியம் மாறா வேகத்தில் ஈயமாக மாறுவதால், இன்றுள்ள ஈயத்தை அளந்தால் பாறையின் அகவை புலப்படும். பெங்களூர்ப் பகுதியில் பழம்பாறைகளை ஊடறுத்துச் சுவர்போல் நிற்கும் டோலரைட்டுகள் சுமார் 237 கோடி ஆண்டுக்கு முற்பட்டவை என்பதை 2007-இல் வெளியான ஆய்வொன்று இம்முறையால் நிறுவியது.

ஆகவே, ஓர் அரிய கனிமத்தைத் தேடப் புறப்படும் மாணவர், அதிலுள்ள தனிமம் எங்கே மிகுதி என்று மட்டும் கேட்டால் போதாது. அத்தனிமத்திற்கு அப்பாறையில் வாய்த்த துணை யாது என்றும் கேட்டல் வேண்டும்.