பகுதிநேர மேலாளரும் முழு அதிகாரமும்



1935-ஆம் ஆண்டில் மைசூரில் ஒரு வீட்டிலிருந்து சிறியதொரு வானொலி நிலையம் ஒலிக்கத் தொடங்கிற்று. மகாராஜா கல்லூரியின் உளநூல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி அதனை நிறுவினார். அந்நிலையம் பூண்டிருந்த 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னர் நாட்டு வானொலியின் பெயராயிற்று. வேறொரு பணியில் இருந்துகொண்டே ஒருவர் ஒரு நிலையத்தையும் நடத்தலாம் என்பதற்கு இந்நகரமே சான்று. ஆனால் அந்நிலையம் அவருடையது. அதிகாரத்தை அவர் பிறரிடம் கேட்டுப் பெறவேண்டியதில்லை. சம்பளத்துக்கு வரும் பகுதிநேர மேலாளரின் நிலை வேறு. அவருடைய அதிகாரம் உரிமையாளர் தந்தது. அதைக் காப்பதும் உரிமையாளர் கடனே.

இவ்வூர் ஊதுபத்தித் தொழிற்கூடம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கணக்கில் தேர்ந்த ஓர் அம்மையார் வாரத்தில் இரண்டு நாள் மேலாளராக வருகிறார். பழைய பாக்கியைத் தீர்க்காத வணிகருக்குக் கடனில் சரக்கு அனுப்பலாகாது என்று செவ்வாய்க்கிழமை ஆணையிடுகிறார். புதன்கிழமை அவ்வணிகர் உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசுகிறார். "அந்த அம்மா கிடக்கட்டும், நான் அனுப்பி வைக்கிறேன்" என்கிறார் உரிமையாளர். சரக்குப் போயிற்று, உடன் மேலாளரின் சொல்லும் போயிற்று. இனி, பணியாளர் எவரும் அவர் ஆணையை மதியார். அவர் வீடு திரும்பும்வரை காத்திருப்பர். பாக்கி வாராமற்போனால் அந்த வாரக் கூலிக்குத் தட்டுப்பாடு. கூலிக்குப் பத்தி உருட்டும் பெண்ணின் அடுப்பையன்றோ அது தொடும்?

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் முழுநேர நிர்வாகிகளைப் பெரிய கம்பெனிகளிடமே கட்டாயமாகக் கேட்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமோ முகவரின் அதிகாரத்தை அவர் வேலை செய்யும் மணிக்கணக்கால் அளப்பதில்லை. முகவருக்கு அதிகாரம் உண்டென்று தம் சொல்லாலோ நடத்தையாலோ பிறரை நம்பவைத்தவர், அந்நம்பிக்கையில் நடந்தவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆதலின் எல்லையைத் தெளிவுபடுத்துவது உரிமையாளருக்கும் காப்பாகும்.

அரசு ஆணைகளை மொழிபெயர்க்கும் நாம் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. ஓர் அலுவலர் இல்லாதபோது அவர் பணியை யார் பார்ப்பது, எதுவரை பார்ப்பது என்பது எழுத்தில் இருக்கும். சிறு நிறுவனத்துக்கும் ஒரு தாள் போதும். எவ்வளவு தொகை வரை மேலாளர் செலவிடலாம், யாருக்குக் கடன் தரலாம், அவர் வாராத நாளில் யார் பொறுப்பு என்பவற்றை அதில் எழுதிப் பணியாளருக்கும் வணிகருக்கும் அறிவித்துவிடலாம். முறையீட்டுடன் வருவோரை உரிமையாளர் மேலாளரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். கருத்து வேற்றுமை இருப்பின் தனியறையில் பேசட்டும். மேலாளரும் குறித்த நாளில் தவறாது வருதல் வேண்டும்.

அவர் தவறவே மாட்டார் என்று நாம் கூறவில்லை. தவறினால் அந்த ஆணையை அவரைக் கொண்டே மாற்றுவிக்கலாம், தகுதியற்றவரெனில் விலக்கலாம். பதவியில் வைத்துக்கொண்டே பின்புறமாக அவர் சொல்லை அறுப்பதுதான் கேடு. மேலாளரின் அதிகாரம் அவர் வந்திருக்கும் இரண்டு நாளில் சோதிக்கப்படுவதில்லை. வாராத நாட்களிலேயே சோதிக்கப்படுகிறது. அந்நாட்களில் அதனைக் காப்பவர் உரிமையாளர் ஒருவரே.