தொண்டைமானின் ஆயுதக் கொட்டில்

பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "கறுப்பா இருந்தாலும் பொண்ணு களையா இருக்கா" என்பார்கள். நாவலூர்க் கம்பெனிகளில், "உங்களுக்கென்ன சார், எவ்வளவு வேலை கிடந்தாலும் டென்ஷனே ஆகமாட்டீங்க!" என்பார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று ஊரில் சொல்கிறோமே, அதுதான். புலவர்கள் வஞ்சப்புகழ்ச்சி என்பார்கள். தண்டியலங்காரம் இதை இலேச அணியில் சேர்த்திருக்கிறது.

இந்தக் கலையில் அசல் வேலைப்பாடு எது என்று கேட்டால், நம் தொண்டை நாட்டு அரசன் வாங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் சொல்வேன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் வருகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் நிதானமாகப் பார்க்கிறார். உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்திருக்கின்றன, மாலை சூடியிருக்கின்றன, காம்பு திருத்தி நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன என்கிறார். எங்கள் அரசனுடையவையோ, பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன!

இதில் ஒரு சொல் பொய்யில்லை. தொண்டைமான் எதை மறுப்பான்? நெய் பூசவில்லை என்பானா? புகழ்ந்ததெல்லாம் உண்மை, பக்கத்தில் வைத்த இன்னொரு உண்மைதான் குத்துகிறது. அதோடு விடவில்லை. உணவு இருந்தால் பிறர்க்குக் கொடுத்து, அதிகம் இல்லாதபோது இருப்பதைக் கூடி உண்பவன் எங்கள் தலைவன் என்று முடிக்கிறார். வேல்களைப் பற்றிய பேச்சு சோற்றில் வந்து நிற்கிறது. இதையெல்லாம் ஔவையார் சொன்ன பாட்டின் துறை என்ன தெரியுமா? வாண்மங்கலம், அதாவது வாளை வாழ்த்துவது! இந்தப் பாட்டால் தொண்டைமானுக்கும் அதியமானுக்கும் நடக்கவிருந்த போர் நின்றது என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

ஔவையார் சொன்னது அரசனிடம், அவன் அரண்மனையிலேயே. பெண் பார்க்க வந்தவர் சொல்வதோ, பதில் பேச முடியாமல் தட்டோடு நிற்கும் பிள்ளையிடம். இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பின்னது கலையே அல்ல, வெறும் குத்தல்.

1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் ஔவையார் சொன்னது 95ஆம் பாட்டு. ஒன்பதே அடி. இன்றிரவு வீட்டில் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.