பத்து வாய் பேசினால் பத்து சாட்சியா?

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்சாலைப் பகுதித் தோழர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் ஒன்றும் புதிதல்ல. டீக்கடையிலும் கம்பெனி பஸ்சிலும் தினம் நடக்கிற சங்கதிதான். ஒருவர் ஒரு சேதி சொல்லுகிறார். "நிஜந்தானா?" என்று கேட்டால், "எல்லோரும் சொல்லுகிறார்களே!" என்கிறார். அதற்கு மேல் நாம் வாயைத் திறப்பதில்லை. எல்லோரும் சொல்லுவது எப்படி ருஜுவாகும் என்பதைக் கொஞ்சம் யோசிக்கும்படி உங்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.

காக்கை வாந்திக் கதை உங்களுக்குத் தெரியும். ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான். அடுத்த வீட்டுக்காரன் காக்கை நிறத்தில் எடுத்தான் என்றான். ஊர்க் கோடிக்குப் போய்ச் சேரும்போது, வயிற்றிலிருந்து காக்கை காக்கையாய்ப் பறந்து வந்தது என்றாகி விட்டது. கடைசி வீட்டுக்காரனை விசாரித்தால் "தெருவே சொல்லுகிறது" என்றுதானே சொல்லியிருப்பான்? ஆனால் தெரு முழுவதிலும் நேரில் பார்த்தவன் ஒருவன்தான்!

கதை கிடக்கட்டும். நம் பக்கத்தில் நடந்ததையே பார்ப்போம். 2021-ம் வருஷம் டிசம்பர் மாதம், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பிட்ட சாப்பாட்டினால் வாந்தி பேதி கண்டார்கள். 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் "சில பெண்கள் செத்துப் போனார்கள்" என்று ஒரு சேதி செல்போனுக்குச் செல்போன் தாவிற்று. 17-ந் தேதி இரவு பெண்கள் சென்னை – பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்து விட்டார்கள். மறுநாளும் மறியல். செத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடிருக்கிறார்கள் என்பதை ஜில்லா கலெக்டரே காட்ட வேண்டியதாயிற்று. ஒருவரும் சாகவில்லை.

உடனே, "பாருங்கள், படிப்பில்லாத ஜனங்கள் வதந்தியை நம்பி விட்டார்கள்" என்று சொல்லி விடுவது சுலபம். அப்படிச் சொல்ல நாம் தயாராயில்லை. கூடப் படுத்திருந்தவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவள் கதி என்ன என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை என்றால், கேட்டவள் என்னதான் நினைப்பாள்? பதில் சொல்ல வேண்டியவன் வாயை மூடிக் கொண்டால், தெரியாதவன் வாய் திறந்து கொள்ளும்.

அன்றியும், பலர் சொல்லி நிலைத்துப் போன சேதி அந்தப் பக்கத்திலும் ஒன்று இருந்தது. பெரிய கம்பெனி, வெளிதேசத்துக் கம்பெனி, விடுதி வசதியாகத்தான் இருக்கும் என்பதே அது. ஊரில் தகப்பனார் நம்பினார், மாமன் நம்பினார், பெண்ணை அனுப்பி வைத்தார்கள். பெண்களோ தரையில் படுத்ததாகவும், கக்கூசில் தண்ணீர் இல்லையென்றும் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். போய்ப் பார்த்த பிறகு, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிப்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே அம்மாத முடிவில் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை மறுபடி திறக்க 2022 ஜனவரி 12 ஆயிற்று. ஆகவே சாவுப் புரளி எப்படிப் பொய்த்ததோ, அப்படியேதான் சௌகரியப் புரளியும் பொய்த்தது. இரண்டையும் தீர்த்தது கண்ணால் பார்த்ததேயொழிய, சொன்னவர்களின் தொகையல்ல.

இது ஏன் நம்மை இப்படிப் பிடிக்கிறது என்றால், மனித மூளையின் சுபாவமே அது. 1977-ல் அமெரிக்காவில் காலேஜ் மாணவர்களிடம் சில வாக்கியங்களைப் படித்துக் காட்டி, எது மெய்யாயிருக்கும் என்று கேட்டார்கள். இரண்டு வாரத்திற்கொருமுறை மூன்று தடவை கேட்டதில், திரும்பத் திரும்பக் காதில் விழுந்த வாக்கியங்களை மெய் என்று நம்புவது அதிகமாயிற்று. மெய்யான வாக்கியத்துக்கும் பொய்யான வாக்கியத்துக்கும் கதி ஒன்றுதான்! படித்தவர்களின் யோக்கியதையே இது.

கோர்ட்டில் இந்தத் தந்திரம் சுலபத்தில் செல்லாது. பார்த்த சங்கதியைப் பார்த்தவனே வந்து சொல்ல வேண்டும் என்பது 1872-ம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலையில் அதனிடத்துக்கு வந்த புதுச் சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. "ஊரே சொல்லுகிறது" என்று கூண்டில் ஏறிச் சொன்னால் வக்கீல் விடுவாரா? ஒரு வரப்புத் தகராறுக்கு வேண்டிய ருஜுகூட, ஒரு மனிதனை அடிப்பதற்கு வேண்டாமா?

அடிப்பதற்கு என்று சும்மா சொல்லவில்லை. 2018 மே மாதம் போளூர்ப் பக்கம், குலதெய்வம் கும்பிட உறவினரோடு காரில் வந்த 65 வயது அம்மாள் ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பல நாளாகச் செல்போனில் சுற்றிக் கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மாள் இறந்தே போனார். அடித்தவர்களில் எத்தனை பேர், பிள்ளை காணாமற்போன வீடு எது என்று கேட்டிருப்பார்கள்?

ஆகையால் தோழர்களே! சேதி வந்தால் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள். முதலில் பார்த்தவர் யார், அவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேளுங்கள். நூறு செல்போனில் வந்தாலும் எழுதிய கை ஒன்றானால் அது ஒரே சேதிதான். இந்த மேடையில் நாம் சொன்னதையும் அப்படியே விசாரித்துப் பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டிய தோழர்கள் எழுந்திருப்பது தெரிகிறது. பஸ் காத்திராது. ஆதலால் இத்துடன் நிறுத்திக் கொள்ளுகிறோம்.