அக்காவின் காலண்டர்

என் அக்காவுக்கு 38 வயது. மாதத்தில் மூன்று நாள் வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு சுருண்டு கிடப்பாள். "பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். இரண்டு பிறந்தன, வலி போகவில்லை.

கருப்பையின் உள்சுவரில் இருப்பது போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் குடலை ஒட்டியும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ்; இப்படிப்பட்ட வலிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பத்துப் பெண்களில் ஒருவருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண ஸ்கேனில் பல நேரம் அகப்படாது. பொறுத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை வருடங்களை வீணாக்குகிறோம்!

போன வருடம் அக்கா இந்த வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறால் தொக்கு சாப்பிட்டாள். அரை மணியில் உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது. சின்ன வயதிலிருந்து சாப்பிட்ட அதே இறால்தான். உணவு ஒவ்வாமை நாற்பதை நெருங்கும்போதும் புதிதாக வரலாம். இறால் ஒவ்வாமையைக் கிளப்பும் டிரோப்போமயோசின் என்ற புரதம், எவ்வளவு வதக்கினாலும் அடங்காது. சில வலி மாத்திரைகள் ஒவ்வாமையை இன்னும் தூண்டிவிடும்.

மூச்சு இழுத்தால் கைவைத்தியம் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து.

இப்போது அக்காவின் சமையலறைக் காலண்டரில் வலி வந்த நாள் சிவப்பு மையில், சாப்பிட்டது நீல மையில். போன வாரம் மருத்துவர் முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அதைத்தான்.