சொல் தங்கும் இடம்: திறன்பேசிச் செயலிகளும் தமிழ்த் தரவும்



தமிழ் அகராதிச் செயலியொன்றில் மாணவர் ஒரு சொல்லைத் தேடுகிறார். ‘இல்லை’ என்று விடை வருகிறது. அச்சொல் செயலிக்குள் இருந்தும் அகப்படவில்லை என்பதை அவர் அறியார். தமிழில் அப்படியொரு சொல்லே இல்லை என்று கொள்வார். ஆகவே, திறன்பேசிக்குள் தரவு எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பது பொறியாளர்க்கு மட்டும் உரிய வினா அன்று. மொழி கற்பிக்கும் நமக்கும் உரியது.

இணையமின்றி இயங்கும் செயலிக்குப் பொதுவாக மூவகைச் சேமிப்பிடங்கள் உள்ளன. எழுத்தளவு போன்ற சிறு விருப்பத்தேர்வுகளுக்கு ஆண்ட்ராய்டில் ‘ஷேர்டு பிரிஃபரென்சஸ்’, ஐஓஎஸ்ஸில் ‘யூசர் டிஃபால்ட்ஸ்’ ஆகியவை போதும். ஒலிப்பதிவுக்கும் படத்துக்கும் தனிக் கோப்புகள் ஏற்றவை. பல்லாயிரம் சொற்களைத் தேடவும் வரிசைப்படுத்தவும் தரவுத்தளமே வேண்டும். ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘எஸ்கியூலைட்’ இவ்விரு தளங்களிலும் இயங்குகிறது. அகராதியை விருப்பத்தேர்வுகளுக்குரிய இடத்தில் அடைத்தால், ஆண்ட்ராய்டில் ஒரு சொல்லைச் சேர்க்கும்போதும் கோப்பு முழுவதும் மீண்டும் எழுதப்படும்.

எனினும், தரவுத்தளம் தமிழறியாது. எஸ்கியூலைட் இயல்பாக எழுத்துகளின் குறியெண்களையே ஒப்பிடுகிறது. இதனால் இரண்டு இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது, வரிசை. தொல்காப்பியர் எழுத்து நிரலை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்தார். ஒருங்குறியிலோ னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையே நிற்கிறது. புள்ளியின் குறியெண்ணும் மெய்களின் குறியெண்களுக்குப் பின்னரே வருகிறது. அதனால், நம் அகராதிகளில் ‘அகம்’ என்பதற்கு முன் நிற்கும் ‘அக்கா’ செயலியில் பின்னே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் நெடுங்கணக்குப்படி ஒரு வரிசைச் சாவியை அமைத்துத் தரவுத்தளத்தில் தனிப் பத்தியாகச் சேமிப்பது இதற்குத் தீர்வாகும்.

இரண்டாவது, ஒப்புமை. ‘கொடி’ என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதியும் அவற்றை நிகரானவை என்கிறது. குறியெண்களை மட்டும் பார்க்கும் தேடலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘என்எஃப்சி’ முறைப்படி இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்தால் இக்குறை நீங்கும்.

மாணவர் தாமே சேர்க்கும் சொற்குறிப்புகளுக்கு நிலைபேறும் வேண்டும். தற்காலிகச் சேமிப்பிடத்தில் உள்ளவற்றை, இடம் போதாதபோது இயங்குதளம் கேளாமலே அழித்துவிடக்கூடும். செயலியை நீக்கினால் அதன் தனிச் சேமிப்பிடமும் உடன் அழியும். ஆதலால், குறிப்புகளைத் தரவுத்தளத்தில் வைப்பதோடு, வெளியே படியெடுத்துக்கொள்ளும் வழியும் இருத்தல் வேண்டும்.

புதிய செயலியை வகுப்பறைக்குள் ஏற்குமுன் நாம் செய்யத்தக்க சோதனைகள் எளியவை. இணையத்தைத் துண்டித்துத் தேடுக. ‘கொடி’ என்பதை இருவகையிலும் உள்ளிட்டுப் பார்க்க. ‘அக்கா’, ‘அகம்’ எவ்வரிசையில் நிற்கின்றன என நோக்குக. ஒரு குறிப்பை எழுதி, தற்காலிகச் சேமிப்பை அழித்தபின் அது எஞ்சியுள்ளதா எனக் காண்க. இவற்றில் தவறும் செயலியைச் செம்மைப்படுத்தித் தருமாறு அதனை உருவாக்கியோரிடம் கேட்பது நம் உரிமை. எவ்வாறு செம்மைப்படுத்துவது என்று இலக்கண வழிநின்று அவர்களுக்கு எடுத்துரைப்பது நம் கடமை.