அமைதிக்கு ஓர் அமைச்சகம்: கோரிக்கையும் மக்கள் இயக்கமும்

(தில்லியில் கட்சி ஊழியர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2025 செப்டம்பர் 5 அன்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பாதுகாப்புத் துறையைப் ‘போர்த் துறை’ என்றும் அழைக்கலாம் என்பதே அந்த ஆணை. 1947 வரை வழக்கில் இருந்த பழைய பெயர்தான் அது. ஏகாதிபத்தியம் தன் உண்மைப் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது என்று நாம் இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் அதே நாட்டில் சாதாரணக் குடிமக்கள் வேறொரு துறையைக் கோரி நெடுநாள் இயக்கம் நடத்தியிருக்கிறார்கள். அமைதிக்கென்று அமைச்சரவைத் தகுதியுள்ள ஒரு துறை வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அந்த இயக்கத்தைப் பற்றியும், அதிலிருந்து நாம் பெற வேண்டிய படிப்பினை பற்றியும் பேச விரும்புகிறேன்.

கோரிக்கையின் வரலாறு

இக்கோரிக்கை புதியதன்று. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ், போர் அலுவலகம் இருப்பதுபோல் அமைதி அலுவலகமும் வேண்டும் என்று வாதிட்டார். கறுப்பின வானியல் அறிஞர் பெஞ்சமின் பேனக்கரின் 1793ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அக்கட்டுரை இடம்பெற்றது. ஊர்தோறும் இலவசப் பள்ளிகள் வேண்டும், மரண தண்டனை ஒழிய வேண்டும், இராணுவ ஆடம்பரங்கள் அகல வேண்டும் என்று அவர் திட்டமிட்டார்.

2001 ஜூலையில் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த டெனிஸ் குசினிச் பிரதிநிதிகள் சபையில் அமைதித் துறைக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். இவர் யார் என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். 1978இல் கிளீவ்லாந்து மேயராக இருந்தபோது, நகரின் பொதுத்துறை மின்நிறுவனத்தை விற்கும்படி வங்கிகள் நெருக்கின. அவர் மறுத்தார். நகராட்சியின் கடனைப் புதுப்பிக்க வங்கிகள் மறுத்தன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் பதவியை இழந்தார். மின்நிறுவனம் மக்களிடமே இருந்தது.

போரை மட்டும் பேசிய மசோதா அல்ல அது. குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான வன்முறை, பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு, சிறைகளின் நிலை ஆகியவையும் அத்துறையின் பொறுப்பாகக் கருதப்பட்டன. மோதல்களைத் தீர்க்கப் பயிற்சியளிக்கும் அமைதிக் கல்விக்கழகமும் அதில் இடம்பெற்றது.

இரண்டே மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது. ஆப்கானிஸ்தான் மீதும் பின்னர் இராக் மீதும் போர் தொடுக்கப்பட்டது. போர்வெறி உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் ஆசிரியர்கள், செவிலியர்கள், மாணவர்கள், முன்னாள் படைவீரர்கள் இக்கோரிக்கையை ஏந்தினார்கள். தொகுதிவாரியாகக் குழு அமைத்துத் தம் பிரதிநிதிகளின் அலுவலகக் கதவைத் தட்டினார்கள். பல நகர மன்றங்களில் ஆதரவுத் தீர்மானங்கள் நிறைவேறின. மசோதா பலமுறை தாக்கல் செய்யப்பட்டது. ஒருமுறைகூட அது சபையின் வாக்கெடுப்புக்கு வரவில்லை.

வரம்பும் மதிப்பும்

“முதலாளித்துவ அரசில் அமைதிக்கு ஓர் அமைச்சகமா? ஓநாய்க்கூட்டத்தில் சைவ உணவுக் குழுவா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. போரின் வேர் மனிதர்களின் கோபத்தில் இல்லை. சந்தைக்கும் மூலவளங்களுக்குமான போட்டியிலும் ஆயுத வியாபாரத்தின் லாபத்திலும் இருக்கிறது. 2024இல் உலக நாடுகளின் இராணுவச் செலவு 2.7 லட்சம் கோடி டாலரைத் தாண்டியதாக ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஒரு பெயர்ப்பலகை இந்த லாபத்தைத் தடுத்துவிடாது.

இதற்கு அமெரிக்காவே சான்று. குடிமக்களின் நீண்ட வலியுறுத்தலுக்குப் பின் 1984இல் அங்கு அமைதி நிறுவனம் ஒன்று சட்டப்படி உருவானது. அதில் கையெழுத்திட்ட ரீகன் அரசுதான் நிகரகுவாவில் கான்ட்ரா கூலிப்படையை வளர்த்தது. 2025 மார்ச்சில் டிரம்ப் நிர்வாகம் அந்நிறுவனத்தைக் கைப்பற்றி ஊழியர்களைப் பெருமளவில் வெளியேற்றியது. நேபாளத்திலும் 2006 மக்கள் எழுச்சிக்கும் சமாதான உடன்பாட்டுக்கும் பின், 2007இல் அமைதி மற்றும் மறுநிர்மாண அமைச்சகம் அமைந்தது. எழுச்சி தணிந்த பிறகு அமைச்சகமும் கலைக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் இன்னும் நீதிக்காகக் காத்திருக்கின்றன.

ஆயினும் இக்கோரிக்கையை ஏளனம் செய்வது தவறு. மக்களைத் திரட்டிப் பெற்றதை, மக்கள் திரண்டிருக்கும் வரைதான் காக்க முடியும் என்பதே இவற்றின் பாடம். எட்டு மணி நேர வேலைச் சட்டத்துக்கும் இதே கதிதான். அதற்காக அச்சட்டம் வேண்டாம் என்று நாம் சொன்னதில்லை.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இத்தகைய ஓர் அமைப்பு இருக்கிறது. மதவெறியை எதிர்கொள்ள 1961இல் நேரு காலத்தில் தேசிய ஒருமைப்பாட்டுக் குழு உருவானது. முசாபர்நகர் கலவரத்துக்குப் பின் 2013 செப்டம்பரில் அது கூடியது. மோடி ஆட்சியில் அது கூட்டப்படவில்லை. 2023 மே மாதம் முதல் மணிப்பூர் எரிந்தபோதும் கூட்டப்படவில்லை. தோழர்களே, அதைக் கூட்டச் சொல்லி நாம் எத்தனை கையெழுத்து வாங்கினோம்? எத்தனை வீடுகளுக்குப் போனோம்? அறிக்கை வெளியிட்டோம், அதோடு நின்றோம்.

நம் முன்னோடிகள் அப்படி நிற்கவில்லை. அணு ஆயுதத் தடை கோரிய 1950 ஸ்டாக்ஹோம் வேண்டுகோளுக்கு உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். இந்தியாவிலும் அமைதி இயக்கம் வளர்ந்தது. அதன் தலைவர் சைபுதீன் கிச்லு. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு முன்னர் அமிர்தசரஸ் மக்கள் வீதிக்கு வந்தது அவரும் டாக்டர் சத்தியபாலும் கைது செய்யப்பட்டதை எதிர்த்துத்தான். அந்நிய ஆட்சியை எதிர்த்த அதே உறுதியோடு அவர் அமைதிக்காகவும் நின்றார்.

ஒன்றிய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு 86 ஆயிரம் கோடி ரூபாய். இந்த இரு எண்களையும் கிராமத்துப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். அமைதி என்பது தன் கூலியோடு தொடர்புடையது என்பதை அவர் உடனே புரிந்துகொள்வார்.

எனவே ஒவ்வொரு கிளையும் மூன்று பணிகளை ஏற்க வேண்டும். கலவர அபாயமுள்ள பகுதிகளில் எல்லாச் சமூகத்தாரும் இடம்பெறும் அமைதிக் குழுக்களை முன்கூட்டியே அமைக்க வேண்டும். தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவைக் கூட்டக் கோரி வீடுவீடாகக் கையெழுத்துப் பெற வேண்டும். செப்டம்பர் 1 போர் எதிர்ப்பு நாளை, முழக்கத்தோடு முடியும் ஒருநாள் நிகழ்ச்சியாக விட்டுவிடக் கூடாது. ஆண்டு முழுவதுக்குமான பணியின் தொடக்கமாக்க வேண்டும்.

அமைதித் துறை ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அதைக் காக்கவும், வராவிட்டால் அதன் பணியைச் செய்யவும் மக்கள் திரண்டிருக்க வேண்டும். அந்தத் திரட்டலே நம் கடமை.