நட்ட கன்று ஏன் கருகுகிறது?



நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்டாலும் நட்டவருக்குத் தர்மத்தின் நன்மை உண்டு என நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அதனை நம்பியே நம் மஹல்லாக்களில் மழைக்காலந்தோறும் கன்றுகள் நடுகிறோம். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் கன்று தழைப்பது அரிது. கருகினால் தண்ணீர் ஊற்றியவரைக் குறை கூறுகிறோம், மண்ணைப் பார்ப்பதில்லை.

தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் ஓர் உலோகம். இலைதழைபோல் அது மக்கி அழியாது. பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கிலேயே தங்கிவிடும். வளர்ந்த புளியமரம் ஆழத்தில் நீர் தேடிக்கொள்ளும். கன்றின் வேருக்கோ அந்த மேலடுக்குதான் உலகம். நஞ்சு முதலில் வேர் நுனியைத் தாக்குகிறது. நுனி வளர்ச்சி குன்றுகிறது. பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் குறைகின்றன. இரும்புச்சத்து மேலேறுவது தடைபட்டுத் தளிர் வெளிறி மஞ்சளாகிறது. ஈரத்தில் நின்றுகொண்டே கன்று தாகத்தால் வாடுகிறது. நாமோ இன்னொரு குடம் ஊற்றுகிறோம்!

பதனிடும் தொட்டியில் இருக்கும் குரோமியம் மண்ணில் எளிதில் கரைவதில்லை. அறுவிணைதிறக் குரோமியம் எனப்படும் மற்றொரு வகையோ நீரோடு ஓடி வேருக்குள் புகும். அதன் நஞ்சு மிகக் கொடியது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று குவித்துவிட்டுப்போன, இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இருந்தது இந்த வகையே. தோலைக் கெடாமல் காக்கும் உப்பும் மண்ணைக் கெடுப்பதில் சளைத்ததன்று.

இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப்போனது என்ற ஆய்வை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. இத்தொழிலில் நம்மவர் பலர் இருக்கிறோம். எனவே இதனைப் பிறர் செய்த பாவமாகப் பேசிவிட்டுக் கலைந்துசெல்ல நமக்கு உரிமையில்லை.

நடுமுன் மண்ணைச் சோதியுங்கள். வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துகளைச் சொல்லும். குரோமியத்தைத் தனியே கேட்டுப்பெற வேண்டும். மக்கிய தொழுவுரம் அறுவிணைதிறக் குரோமியத்தைத் தீங்கு குறைந்த வகையாக மாற்ற உதவும். ஆயினும் உலோகம் அங்கேயேதான் கிடக்கும். குழியில் மட்டும் நல்ல மண் நிரப்பினால், வேர் குழியைத் தாண்டும் நாள்வரையே பலன். அத்தகைய இடத்தில் முருங்கையும் கொய்யாவும் வேண்டாம். பள்ளிவாசல் திடலுக்கு வாங்கிய கன்றுகள் சில வாரம் பையிலேயே நிழலில் இருக்கட்டும். திடலின் நான்கைந்து இடங்களில் எடுத்த மண் முதலில் ஆய்வுக்கூடம் போகட்டும்.